அம்மாவின் 22 இன்ச் ஹெர்குலிஸ்: பழைய சைக்கிளை நெடும்பயணத்துக்குத் தயார் செய்வது

எங்கள் வீட்டு மாட்டுக்கொட்டகையில் பதினோரு வருஷம் சாத்தியே கிடந்த சைக்கிள் அது. 22 இன்ச் ஃபிரேம் உள்ள ஹெர்குலிஸ், பார் வைத்த ஜென்ட்ஸ் சைக்கிள். ஆனால் ஓட்டியது அம்மா. 1991இல் புதுக்கோட்டை மாவட்டத்தில் எழுதப் படிக்கச் சொல்லித்தரும் அறிவொளி இயக்கம் சூடு பிடித்தபோது, அன்றைய கலெக்டர் ஷீலா ராணி சுங்கத் எழுத்தோடு சேர்த்து சைக்கிளையும் பெண்களுக்குக் கற்றுக்கொடுக்கச் சொன்னார். லேடீஸ் சைக்கிள் அப்போது அவ்வளவு சுலபத்தில் கிடைக்காது. கிடைத்த ஜென்ட்ஸ் சைக்கிளில் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஏறிப் பழகினார்கள். பழகியபின் பல பேர் அதையே வைத்துக்கொண்டார்கள். பார் இருந்தால் பிள்ளையை முன்னால் உட்காரவைக்கலாம். அப்படிப் பாரில் உட்கார்ந்து போன பிள்ளை நான். அப்போது எனக்கு நாலு வயசு.

போன வருஷம் அந்தச் சைக்கிளை நானே பிரித்து, துடைத்து, பூட்டி, மீமிசல் கடற்கரை வரை ஓட்டிப் போய் வந்தேன். அதை எப்படிச் செய்தேன் என்பதை, அதே வகைச் சைக்கிள் வீட்டில் கிடக்கிறவர்களுக்காக எழுதுகிறேன். ஹெர்குலிஸ், ராலே, அட்லஸ், ஹீரோ, ஏவான் எதுவானாலும் உள்ளே இருப்பது பெரும்பாலும் ஒன்றுதான். 28 × 1½ டயர், கேபிள் இல்லாத கம்பி பிரேக், காட்டர் பின் அடித்த கிரேங்க் (பெடல் மாட்டிய கை), கியர் கிடையாது. நீளமான உடம்பு, சாய்ந்த ஃபோர்க், மூட்டை தாங்கும் கேரியர் என்று எல்லாம் இருப்பதால் தூரப் பயணத்துக்கு இதைவிடப் பொறுமையான வண்டி வேண்டாம் என்பது என் எண்ணம்.

முதலில் பார்க்கவேண்டியது ஃபிரேம். அது கோணியிருந்தால் மற்ற எதிலும் காசு போடாதீர்கள். கொத்தனார் நூல் ஒன்று போதும். பின் சக்கர அச்சு உட்காரும் காடியில் ஒரு முனையைக் கட்டி, முன்னால் ஹேண்டில்பார் இறங்கும் குழாயைச் சுற்றிக் கொண்டுவந்து, மறுபக்கக் காடியில் இழுத்துக் கட்டுங்கள். சீட்டுக் குழாயிலிருந்து நூல் வரை இரண்டு பக்கமும் அளந்து பாருங்கள். வித்தியாசம் இரண்டு மூன்று மில்லிமீட்டருக்குள் இருந்தால் கவலையில்லை. பிறகு ஃபோர்க்குக்கு மேலே, குழாய்கள் சேரும் மூட்டுகளில் பெயிண்ட் மயிரிழை போல வெடித்திருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். வெடிப்பு இருந்தால் அது பெயிண்டோடு நிற்காது, இரும்பு வரை போயிருக்கும். அதை வெல்டிங் வைத்து ஓட்டலாம் என்று யாராவது சொன்னால், உள்ளூர்க் கடைத்தெருவுக்கு ஓட்டலாம், தூரத்துக்கு வேண்டாம்.

பிரிக்கத் தொடங்குமுன் எல்லாப் பக்கத்திலிருந்தும் போட்டோ எடுங்கள். பிரேக் கம்பிகள் எது எதற்கு மேலே போகிறது என்பது ஒரு வாரத்தில் மறந்துவிடும். கழற்றியதைப் போட்டுவைக்க நான் கொட்டாங்கச்சிகளை வரிசையாக வைத்து, மேலே பேப்பர் ஒட்டி எழுதினேன்: ‘முன் வீல் இடது’, ‘முன் வீல் வலது’ என்று. கோன் (குண்டுகளை அழுத்திப் பிடிக்கும் கூம்பு), வாஷர், நட்டு எல்லாம் முப்பது வருஷமாக ஒன்றோடு ஒன்று தேய்ந்து பழகியவை. கலந்துவிட்டால் எத்தனை டைட் வைத்தாலும் ஆட்டம் நிற்காது.

ஸ்பேனர் பற்றி ஒரு வார்த்தை. ஹெர்குலிஸ் பிறந்தது இங்கிலாந்தின் பர்மிங்ஹாமில். 1949இல் முருகப்பா குழுமமும் அங்குள்ள டியூப் இன்வெஸ்ட்மென்ட்ஸும் சேர்ந்து டிஐ சைக்கிள்ஸைத் தொடங்கி, அம்பத்தூரில் இதைச் செய்ய ஆரம்பித்தார்கள். வரைபடம் அங்கிருந்து வந்ததால் அளவெல்லாம் இன்ச் கணக்கு. மில்லிமீட்டர் ஸ்பேனரைப் போட்டு அழுத்தினால் நட்டின் மூலைகளைத் தின்றுவிடும். சைக்கிள் கடையில் கிடைக்கும் பல ஓட்டை போட்ட தட்டை ஸ்பேனரே இதற்கு நல்லது.

எல்லாத் திருகு மறையும் வலப்பக்கம் சுற்றினால் இறுகும் என்று நினைத்துவிடாதீர்கள். இரண்டு இடத்தில் தலைகீழ். இடது பெடல் ஒன்று. கிரேங்க் அச்சு ஓடும் குழாயில் வலப்பக்கக் கப் (குண்டுகள் ஓடும் கிண்ணம்) இன்னொன்று. இந்த இரண்டும் இடப்பக்கம் சுற்றினால்தான் இறுகும். வலப்பக்கக் கப்பில் சொரசொரப்பு இல்லையென்றால் அதைக் கழற்றவே வேண்டாம். இடப்பக்கக் கப்பைக் கழற்றினாலே உள்ளே எல்லாவற்றையும் துடைத்துவிடலாம்.

இனி காட்டர் பின். பழைய சைக்கிளைத் தானே பிரிக்கிறவர்கள் பாதிப் பேர் இங்கேதான் கைவிடுகிறார்கள். கிரேங்கையும் அச்சையும் குறுக்கே கோத்துப் பிடிக்கும் சின்ன ஆப்பு அது. ஒரு பக்கம் சரிவாகச் சீவியிருக்கும், மறு முனையில் மறையும் நட்டும். முப்பது வருஷத்து மிதி அதை உள்ளே இறுக்கியிருக்கும், துரு மிச்சத்தைச் செய்திருக்கும். நான் முதலில் சின்னச் சுத்தியலால் டொக் டொக்கென்று தட்டினேன். இருபது தட்டு தட்டியும் அசையவில்லை. மறை முனை மட்டும் காளான் போல விரிய ஆரம்பித்தது. சைக்கிளை உருட்டிக்கொண்டு கீழ ராஜ வீதிப் பக்கம் எங்களுக்குப் பழக்கமான கடைக்குப் போனேன். எழுபது வயசைத் தாண்டிய பாய் அவர். பார்த்தவுடனே என் கையிலிருந்த சுத்தியலை வாங்கிக் கீழே வைத்துவிட்டார்.

“ஆத்தா, இதுக்குப் பெரிய சுத்தியல், ஒரே அடி. தயங்கித் தயங்கி அடிச்சா உள்ளேயே பூத்துரும்.”

அவர் செய்த விதம் இது. முதல் நாளே இரண்டு பக்கமும் டீசலும் பழைய இன்ஜின் ஆயிலும் கலந்து சொட்டு விட்டு ஊறப்போட்டார். மறுநாள் நட்டைக் கழற்றாமல், மறை முனையும் நட்டின் மேல்முகமும் ஒரே மட்டத்தில் வரும் வரை மட்டும் தளர்த்தினார். அப்போதுதான் அடி மறையில் மட்டும் விழாமல் நட்டிலும் சேர்ந்து விழும். பிறகு கிரேங்குக்கு அடியில், பின்னின் தலை உள்ளே போகிற அளவு வாயுள்ள ஒரு இரும்புக் குழாய்த் துண்டை நட்டமாக நிறுத்தி, அதன் அடி சிமெண்டுத் தரையில் உட்காருமாறு சரிபார்த்தார். இந்தக் குழாய்தான் சூட்சுமம். அது இல்லாவிட்டால் அடி முழுவதும் அச்சுக்கும் குண்டுகளுக்கும் போய், கப்பில் பள்ளம் விழும். என்னைச் சைக்கிளை ஆடாமல் பிடிக்கச் சொல்லிவிட்டு, ஒரு கிலோ சுத்தியலால் நேராக ஒரே அடி. ‘டக்’கென்று ஒரு சத்தம், காட்டர் பின் கால் இன்ச் இறங்கியிருந்தது. இடப்பக்கத்தை என்னையே அடிக்கச் சொன்னார். எனக்கு இரண்டு அடி ஆனது.

பழைய பின்னைத் திரும்பப் போடாதீர்கள். புதுசு சில ரூபாய்தான். வாங்கும்போது பழையதைக் கொண்டுபோய்ப் பருமன் பாருங்கள். புதுப் பின்னின் சீவிய முகத்தை அரத்தால் சீராகத் தேய்த்து, அச்சின் வெட்டோடு முழுசாக ஒட்டுமாறு செய்யவேண்டும். இரண்டு பின்னும் எதிரெதிர்த் திசையில் போகவேண்டும். இரண்டையும் ஒரே பக்கமாகப் போட்டால் இரண்டு கிரேங்கும் ஒரே கோட்டில் நிற்காது, மிதிக்கும்போது ஒரு கால் நொண்டும். நட்டை முறுக்கிப் பின்னை உள்ளே இழுக்கப் பார்க்காதீர்கள். சுத்தியல்தான் பின்னை உட்காரவைக்கும், நட்டு அதைப் பிடித்து வைத்திருக்கும், அவ்வளவுதான்.

அச்சைக் கழற்றியதும் மண்ணெண்ணெயில் கழுவி வெயிலில் வைத்துப் பாருங்கள். குண்டு ஓடிய பாதை கண்ணாடி மாதிரி இருந்தால் நல்லது. அம்மை வடு போலப் புள்ளி புள்ளியாக இருந்தால் மாற்றிவிடுங்கள். குண்டுகளை மட்டும் எப்படியிருந்தாலும் புதிதாகப் போடுங்கள். கிரேங்க் அச்சுக்கு ஒரு பக்கத்துக்குக் கால் இன்ச் குண்டு 11. பின் சக்கரத்துக்கு ஒரு பக்கத்துக்கு 9, அதுவும் கால் இன்ச். முன் சக்கரத்துக்கு ஒரு பக்கத்துக்கு 10, அது 3/16 இன்ச். கப் நிறைய கிரீஸ் அப்பி, அதில் குண்டுகளை முத்துக் கோத்த மாதிரி வைத்தால் விழாது. டைட் வைப்பது கையறிவு. முழுசாக இறுக்கி, பிறகு கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்துங்கள். அச்சைப் பிடித்து ஆட்டினால் ஆட்டம் தெரியக்கூடாது, விரலால் சுழற்றினால் கரகரப்பும் தெரியக்கூடாது. லாக் நட்டை இறுக்கும்போது கோனும் கூடவே கொஞ்சம் இறுகும். அதற்கு முன்கூட்டியே அரைக்கால் சுற்று விட்டுவையுங்கள்.

துருவுக்கு விலை உயர்ந்த மருந்தெல்லாம் வேண்டாம். வெண்கலப் பாத்திரம் தேய்க்கிற புளியே போதும். கெட்டியாகக் கரைத்து, நட்டு போல்ட்டுகளை ராத்திரி ஊறப்போட்டால் காலையில் துரு கறுத்துக் கழன்று வரும். உடனே சோடா உப்புத் தண்ணீரில் அலசி, வெயிலில் உலர்த்தி, எண்ணெய் தடவிவிடவேண்டும். ஒரு மணி நேரம் விட்டாலும் மறுபடி துரு பூக்கும். குரோம் பூசிய ஹேண்டில்பாரையும் ரிம்மையும் புளியில் போடாதீர்கள், பூச்சு உரிந்துவிடும். அதற்குச் சாப்பாடு பார்சல் கட்டும் அலுமினியத் தாளைக் கசக்கித் தண்ணீரில் நனைத்துத் தேய்த்தால் போதும். அலுமினியம் குரோமைவிட மெத்து, அதனால் கீறல் விழாது.

பெயிண்ட் விஷயத்தில் எனக்கு உறுதியான ஒரு கருத்து உண்டு. அடிக்காதீர்கள். இதைச் சொல்ல எனக்கு ஒரு காரணமும் உண்டு. இதற்கு முன் என் தம்பியின் சைக்கிளை ஒரு பட்டறையில் பவுடர் கோட்டிங்குக்குக் கொடுத்தோம். மணல் அடித்துப் பழைய பெயிண்டையெல்லாம் எடுத்தார்கள். கிரேங்க் குழாயின் மறையை மூடிவைக்காமலே பவுடரையும் போட்டார்கள். மறைக்குள் பவுடர் உருகி இறுகி, கப் உள்ளே போகவே இல்லை. ஃபிரேம் நம்பர் மூடிப்போனது. கையால் இழுத்த தங்கக் கோடுகள் போனது போனதுதான். பளபளவென்று புதுச் சைக்கிள் மாதிரி வந்து நின்றது. அது தன் வண்டி என்று தம்பிக்கு அடையாளமே தெரியவில்லை.

அதனால் அம்மா சைக்கிளை வெறும் சோப்புத் தண்ணீரும் மெத்துத் துணியும் கொண்டு துடைத்தேன். மூன்று நாள் ஆனது. தின்னர், பெட்ரோல் பக்கமே போகாதீர்கள். எழுத்தும் சின்னமும் வார்னிஷ் மேல் ஒட்டியவை, ஒரே இழுப்பில் கரைந்துவிடும். எதைப் பூசுவதானாலும் முதலில் அடிப்பக்கத்தில், கண்ணுக்குத் தெரியாத இடத்தில் ஒரு விரல்கடை பூசிப் பாருங்கள். அழுக்கு விலகியபோது ஃபோர்க்குக்கு மேலே கம்பியில் கட்டிய ஒரு வில்லை வெளியே வந்தது. பஞ்சாயத்துக்குச் சைக்கிள் வரி கட்டியதற்குக் கொடுத்த வில்லை, 1974 என்று அடித்திருந்தது. இந்தச் சைக்கிள் அம்மாவிடம் வருவதற்கு முன் ஒரு பால்காரரிடம் இருந்தது என்று தெரியும். இவ்வளவு பழசு என்று அம்மாவுக்கே தெரியாது.

பாரின் நடுவில், சீட்டிலிருந்து ஒரு சாண் தள்ளி, உள்ளங்கையகலத்துக்குப் பெயிண்டே இல்லை. வழவழவென்று இரும்பு தெரிந்தது. அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். “நீ உக்காந்த எடம். அதுக்கப்புறம் உன் தம்பி” என்றார். அம்மா பழைய சேலைத் துண்டைச் சுற்றி அதன்மேல்தான் எங்களை உட்காரவைப்பார். அந்தத் துணி உரசி உரசித் தேய்ந்த இடம் அது. அதை எப்படி மூடுவது? துருவை மட்டும் 400 நம்பர் உப்புத்தாளை எண்ணெயில் நனைத்து மெதுவாக எடுத்தேன். சுத்தமாகத் துடைத்துக் காயவைத்து, நிறமில்லாத லாக்கரை மெல்லிசாக இரண்டு கை பூசினேன். இரும்பு அப்படியே தெரிகிறது, துருவும் ஏறாது. உங்கள் சைக்கிளிலும் இப்படி இடங்கள் இருக்கும்: கேரியரில் கயிறு கட்டிய தடம், தவலை உரசிய தடம். அவற்றுக்கெல்லாம் இதே வைத்தியம்தான்.

சக்கரம். முன்னால் 32 போக்ஸ் (சக்கரக் கம்பி), பின்னால் 40. ரிம் வாங்க நேர்ந்தால் துளையை எண்ணிச் சொல்லி வாங்குங்கள், இரண்டும் ஒன்றில்லை. பெண்டு எடுக்கச் சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, ஃபோர்க்கில் ஒரு ஈர்க்குச்சியைக் கட்டி, அதன் நுனி ரிம்மை மயிரளவு தொடாமல் நிற்கும்படி வையுங்கள். சக்கரத்தைச் சுற்றினால் எந்த இடத்தில் உரசுகிறது என்று குச்சியே சொல்லும். ரிம் வலப்பக்கம் வந்தால் அந்த இடத்தில் இடப்பக்கத்து நிப்பிளை (போக்ஸின் முனையில் இருக்கும் சின்ன நட்டு) கால் சுற்று இறுக்கி, பக்கத்து வலது நிப்பிளைக் கால் சுற்று தளர்த்துங்கள். கால் சுற்றுக்கு மேல் ஒருபோதும் வேண்டாம். துருப்பிடித்த நிப்பிளுக்கு முதல் நாளே எண்ணெய் விடவில்லையென்றால் போக்ஸ் முறுக்கிக்கொண்டு ஒடியும். எனக்கு மூன்று ஒடிந்தன. கடைசியில் ஒவ்வொரு போக்ஸையும் நகத்தால் சுண்டிப் பாருங்கள். ஒரே பக்கத்துப் போக்ஸ்கள் ஏறக்குறைய ஒரே சுருதியில் கேட்கவேண்டும். மொத்தென்று கேட்டால் அது சும்மா இருக்கிறது, பாரத்தைப் பக்கத்தில் இருப்பவை தாங்குகின்றன.

செயினை 12 இன்ச் ஸ்கேல் வைத்து அளங்கள். 24 கண்ணி சரியாக 12 இன்ச் இருக்கவேண்டும். 12-க்கு மேல் 1/16 இன்ச் நீண்டிருந்தால் செயினை மாற்றுங்கள். 1/8 நீண்டிருந்தால் பின் சக்கரத்துப் பல்சக்கரமான ஃப்ரீவீலையும் சேர்த்து மாற்றவேண்டிவரும், பல் சுறாப்பல் மாதிரி சாய்ந்திருக்கும். செயினைச் சேர்க்கும் கிளிப்பின் மூடிய முனை செயின் ஓடும் திசையைப் பார்க்கட்டும். ஃப்ரீவீலைப் பிரிக்கவேண்டாம், உள்ளே பொடிக் குண்டுகள் கொட்டிவிடும். மண்ணெண்ணெயை ஊற்றிச் சுழற்றி, கறுப்புத் தண்ணீர் வருவது நின்றதும் எண்ணெய் விட்டால் போதும்.

தூரம் போகிறவர்களுக்கு நான் சொல்லும் ஒரே மாற்றம் ஃப்ரீவீல்தான். அம்மா சைக்கிளில் முன்னால் 44 பல், பின்னால் 18. ஒரு முழு மிதிக்கு ஏறக்குறைய 5.5 மீட்டர் ஓடும். தெருவுக்கு அது சரி. மதியத்துக்குமேல் அறந்தாங்கியிலிருந்து கடலைப் பார்த்துப் போனால் எதிர்க்காற்று முகத்தில் அறையும். 20 பல் போட்டால் ஒரு மிதிக்கு 4.9 மீட்டர்தான், ஆனால் முழங்கால் தப்பிக்கும். லூதியானாவிலிருந்து வரும் சைக்கிள் சாமான்களில் 20 பல் எங்கும் கிடைக்கும். செயினில் ஒரு ஜோடிக் கண்ணி சேர்க்கவேண்டி வரலாம்.

கம்பி பிரேக்கைப் பழசு என்று தூக்கி எறியாதீர்கள். கட்டை ரிம்மின் உள்முகத்தில் கீழிருந்து மேலாக இழுத்துப் பிடிக்கிறது, அதனால் சக்கரத்தில் பெண்டு கொஞ்சம் இருந்தாலும் வேலை செய்யும். மூட்டுக்கு மூட்டு எண்ணெய், புதுப் பிரேக் கட்டை, ரிம்மிலிருந்து இரண்டு மூன்று மில்லிமீட்டர் இடைவெளி. இவ்வளவுதான். மழையில் மட்டும் நம்பாதீர்கள். ஈர இரும்பு ரிம்மில் ரப்பர் வழுக்கும். முன்கூட்டியே லேசாகப் பிடித்துப் பிடித்து ரிம்மைத் துடைத்துவிட்டுத்தான் அழுத்தவேண்டும்.

டயர், டியூப், வால்டியூப் எல்லாம் புதுசு. போக்ஸ் முனை டியூபைக் குத்தாமல் இருக்க ரிம்முக்குள் பழைய பருத்தித் துணியை நாடாவாகக் கிழித்துச் சுற்றினேன். தோல் சீட்டுக்குத் தேங்காய் எண்ணெயை ஊற்றாதீர்கள், தொட்டில் மாதிரி தொங்கிவிடும். தேன்மெழுகை அடிப்பக்கத்தில் இளஞ்சூட்டில் தேய்த்து, மூக்குக்குக் கீழே இருக்கும் நட்டைக் கால் சுற்று இறுக்குங்கள். டைனமோ ஓடினால் வைத்துக்கொள்ளுங்கள், ஓடாவிட்டால் ஒரு நல்ல சார்ஜ் லைட்.

முதல் ஓட்டம் சித்தன்னவாசல், போக 16 கிலோமீட்டர். பையில் சுத்தியலும் ஸ்பேனரும் இருந்தன. அங்கே போய் இறங்கியதும் காட்டர் பின்னை மறுபடி ஒரு அடி அடித்து நட்டை இறுக்கினேன். புதுப் பின் முதல் ஓட்டத்தில் கட்டாயம் கொஞ்சம் இளகும். அதை விட்டுவிட்டு ஓட்டினால் அச்சின் வெட்டே தேய்ந்துவிடும். போக்ஸ்களையும் ஒருமுறை சுண்டிப் பார்த்தேன், பின் சக்கரத்தில் இரண்டு தளர்ந்திருந்தன.

அடுத்த வாரம் மீமிசல். விடியுமுன் கிளம்பி, அறந்தாங்கியில் இட்லி, ஆவுடையார்கோயிலில் கல்லில் செய்த கொடுங்கையை (கூரையின் வளைந்த இறவாரம்) கொஞ்ச நேரம் அண்ணாந்து பார்த்தது, வெயில் ஏறுமுன் கடல். ராத்திரி சொந்தக்காரர் வீட்டில் தங்கி மறுநாள் திரும்பினேன். வந்ததும் களைப்பாக இருக்கிறதென்று சைக்கிளை அப்படியே சாத்திவிடாதீர்கள். கடற்காற்றின் உப்பு ஒரே ராத்திரியில் செயினைச் சிவக்கவைக்கும். ஒரு வாளி நல்ல தண்ணீரால் கழுவி, துடைத்து, செயினிலும் பிரேக் மூட்டுகளிலும் எண்ணெய் விட்டேன். அம்மா ஒரு துணியை எடுத்துக்கொண்டு வந்து பாரைத் துடைக்க ஆரம்பித்தார்.